மதகின் நீளம்

எட்டரைக்கு முதல் விரல் வைக்கவேணும்.
கோண்டாவில் சந்தியில் மினிபஸ்
இன்னும் ரெண்டு பேர், இன்னும் ரெண்டு பேர் எண்டு
வெறும் ரோட்டைக் கூப்பிட்டுக்கொண்டு நிண்டது.
எட்டு முப்பத்தொன்பதுக்கு
மெசின் சொல்லிச்சுது: நன்றி.
நன்றிக்குக் கீழே
சிவப்பில் ஒன்பது.

மேசையில் இருபத்தேழு கோப்பு.
எல்லாத்துக்கும் ஒரே பதில்:
"தேர்தல் காலமாகையால்
இவ்விடயம் தொடர்பில் பின்னர் அறியத்தரப்படும்."
இதை இப்ப பார்க்காமலே அடிப்பன்.
'தே' எண்டு தொட்டால் போதும்,
மிச்சத்தைக் கணினி தானே முடித்துவைக்கும்.
அதுக்கும் விளங்கிவிட்டது.

இருபத்தேழில் ஒன்று மதகு.
வைரவர் கோயிலடி ஒழுங்கை,
விண்ணப்பதாரி திருமதி சற்குணவதி.
கார்த்திகை மாதம் தண்ணி வீட்டுக்குள்ள வந்து
மாவுப் பானையைத் தூக்கிக்கொண்டு போகுதாம்.
இந்த ஒரு வரியை மட்டும்
ஏழு கடிதத்திலும் அவ மாற்றவில்லை.

கோப்புக்குள் அளவுகள் கிடக்கு.
பாராளுமன்றத்துக்குக் கேட்டவர் அளந்தது நாலு மீற்றர்.
பிரதேச சபைக்குக் கேட்டவருக்கு ஐந்தேகால்.
பிறகு ஒருத்தர், எதுக்குக் கேட்டவரோ நினைவில்லை,
நாடாவின் ஒரு நுனியைத் தான் பிடித்து
மறு நுனியை அவவிடம் குடுத்து
படம் எடுத்துப்போட்டுப் போனவர்.
அளவு எழுதவில்லை.
படம் இருக்கு:
அவர் சிரிக்கிறார்,
அவ குனிந்து நிக்கிறா,
தண்ணி கணுக்கால் மட்டும்.

பின்னேரம் ஒலிபெருக்கி கட்டின ஓட்டோ
ஜன்னலடியில் நிண்டு
எங்களுக்கு உரிமை வாங்கித் தருவதாகச் சத்தம் போட
அமலதாஸ் எழும்பிப்போய்க் கண்ணாடியைச் சாத்தினார்.
"முப்பது வருசமா உதே குரல் தங்கச்சி.
குருநகரில கேட்டதும் உதுதான்."
"குரல் வேற அண்ணை, பெட்டிதான் ஒண்டு."
ஆரும் சிரிக்கவில்லை.
தேத்தண்ணி ஆறிப்போச்சு.

தபால் வாக்கு எங்களுக்குக் கந்தோரிலேயே.
கூட்ட மண்டபத்தில்
கடதாசிப் பெட்டியை வெட்டி மறைப்புச் செய்திருந்தது.
அந்தப் பெட்டியை எனக்குத் தெரியும்,
போன மாதம் நான்தான் கையெழுத்துப் போட்டு எடுத்தது.
ஒரு முழம் நீளமான சீட்டு.
மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தன்.
மதகுக்கு ஒரு சின்னம் இல்லை.
ஆருக்குப் போட்டனான் எண்டு சொல்லமாட்டன்.
ரகசியம் எண்டதால இல்லை,
வெக்கம்.

தேர்தலுக்கு முதல்நாள்
பெட்டியோடு பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டாங்கள்.
மூன்றாம் ஆண்டு வகுப்பு,
ரெண்டு வாங்கை ஒட்டிப் படுக்கை,
தலைமாட்டில் நுளம்புத்திரி.
சுவரில் பிள்ளைகள் கீறின வீடுகள்.
எல்லா வீட்டு முன்னாலும்
ஏனோ ஒரு ஆறு.

எனக்கு மை பூசுற வேலை.
விடிய ஏழிலிருந்து
மண்வெட்டி பிடிச்ச விரல், வெங்காயம் மணக்கிற விரல்,
நடுங்கிற விரல், கழுவிக்கொண்டு வந்த விரல்.
பத்து மணிபோல, மழை தூற
சற்குணவதி.
குடையை வாசலில் சாத்திவிட்டு
சின்னவிரலை நீட்டிக்கொண்டே கேட்டா:
"பிள்ளை, அந்த மதகு?"

இங்க கதைக்கக் கூடாது.
எண்டாலும் வாய் பழகிப்போச்சு.
"தேர்தல் முடியட்டும் அக்கா."

அவ சுவர் மணிக்கூட்டைப் பார்த்தா.
"இண்டைக்கு நாலு மணிக்கு முடியுதெல்லோ?"

கட்சி முகவர்கள் ஆறு பேரும்
நிமிர்ந்து என்னைப் பார்த்தாங்கள்.
நான் மையைக் கொஞ்சம் கூடப் பூசிவிட்டன்.
நகம் தாண்டி, முதல் மொழி மட்டும்.
அவ ஒண்டும் சொல்லவில்லை.
விரலை ஊதி ஊதிக்கொண்டு
மறைப்புக்குள் போனா.
கனநேரம் நிண்டா.

அடுத்த கிழமை
நேரத்தோட போனன், எட்டு இருபது.
விரல் வைச்சன்.
மீண்டும் முயற்சிக்கவும்.
துடைச்சு வைச்சன்.
மீண்டும் முயற்சிக்கவும்.
நகக்கண்ணிலும் ரேகையிலும் மை இன்னும் போகவில்லை.
பின்னால வரிசை நீளுது,
அமலதாஸ் இருமுறார்,
வெளியில
மழை பலக்குது.