ஐந்து விநாடி நிறுத்தம்

ரீகாவில் பதினோராம் எண் டிராம்,
இருபத்திரண்டு வருடமாக என் கையில்.
உறைந்த வளைவில் எங்கே வேகம் தணிக்க வேண்டுமென்று
என் முழங்காலுக்குத் தெரியும்.
விஸ்மாவின் தலைமுடி எனக்குப் புது ஊர்.

காய்ச்சல் வந்துபோன வருடம் பாதி உதிர்ந்தது.
மீதி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்தான் தெரியும்.
இப்போது படிக்கட்டுப் பனியில் சறுக்கி
வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.
எட்டு மாதம் கழித்துப் பாடகர் குழுவுக்குத் திரும்புகிறாள்.
"நீதான் சுருட்டிவிட வேண்டும், ஓயார்ஸ்."

சனிக்கிழமை ஒத்திகை பார்த்தோம்.
ஈரம் போகாத முடியில் கர்லரை வைத்தேன்.
சுர்ரென்றது.
பொசுங்கிய கம்பளி வாடை,
ஒரு கொத்து அப்படியே கையோடு வந்தது.
சீருடைப் பையில் ஒளித்துக்கொண்டு
"நன்றாக வருகிறது" என்றேன்.

இன்று காத்திருந்தேன்.
துண்டால் ஒற்றினேன், தேய்க்கவில்லை.
தேநீர் போட்டோம், குடித்தோம், மறுபடி போட்டோம்.
வேர்வரை உலர்ந்ததா என்று உதட்டால் தொட்டுப் பார்த்தேன்
(விரலை நம்ப முடியவில்லை).
சூடு தாங்கும் ஸ்ப்ரே, கை நீள தூரத்திலிருந்து.
இருநூறில் இருந்த எண்ணை
நூற்றைம்பதுக்கு இறக்கி, பயந்து,
நூற்று முப்பது.
முதலில் டிஷ்யூ தாளுக்குச் சுருள் போட்டேன்.
பழுக்கவில்லை.

ஐந்து விநாடிதான் நிறுத்தம்.
ஓடிவரும் பயணிக்காகக் கதவைத் திறந்து வைப்பது
என் பழைய குற்றம், இரண்டு முறை எழுத்தில் எச்சரிக்கை.
இங்கே இரக்கப்பட்டால் கரிந்துவிடும்.
அவளே எண்ணினாள், கீழ்க்குரலில், தாளம் பிசகாமல்.
ஐந்தில் விட்டேன்.
அவித்த உருளைக்கிழங்கின் சூட்டோடு
உள்ளங்கையில் விழுந்தது சுருள்.
ஆறும்வரை ஏந்தியிருந்தேன்.
அடுத்தது. அடுத்தது.

கோட் மாட்டும் முன்பே
இடது நெற்றியில் ஒன்று நீண்டுவிட்டது.
கர்லரை எடுக்கப் போனேன்.
"விடு. அதற்கு ஒரு சூடு போதும்.
அப்புறம்,
உன் பையில் இருந்ததைக் குப்பையில் போட்டுவிட்டேன்.
சட்டை துவைத்தது நான்தானே,
ஒற்றைக் கையால்."

தொப்பி வேண்டாமென்று
சால்வையைத் தளர்வாகப் போர்த்திக்கொண்டாள்.
தெருவுக்கு வந்ததும் நின்றாள்:
"ப்ளக்கைப் பிடுங்கினாயா?"

மூன்று மாடி ஏறினேன்.
பிடுங்கித்தான் இருந்தது.
பீங்கான் தட்டில் ஆறிக் கிடந்த கர்லரில்
ஒரே ஒரு முடி,
நீளமாக, பொசுங்காமல்.