ஒன்பது மணிக்கு

க்ளாக்ஸ்விக் துறைமுகம். திங்கள், விடியாத மூன்று மணி.
எரிந்துபோன சர்வரின் இடத்தில்
புதியதை ஏற்றிவிட்டேன்.
தரவெல்லாம் வந்து சேர்ந்தது,
ஒரு காட் மீன்கூடக் குறையவில்லை.

ஏல மென்பொருள் மட்டும்
யார் நீ என்கிறது.
இந்த உரிமம் வேறொரு கணினியில் இருக்கிறதாம்.
அந்த வேறொரு கணினி
என் காலடியில், மீன்பெட்டிக்குள்,
கருகிய வாடையோடு கிடக்கிறது.

கூடு விட்டுக் கூடு பாய்ந்தவனிடம்
பழைய உடம்பின் மச்சத்தைக் கேட்டால்?

கோபன்ஹேகனுக்கு அழைத்தேன்.
ஒன்பது மணிக்குத்தான் ஆள் வருவார்கள் என்றது பதிவுக் குரல்.
ஏலம் ஆறுக்கு.
வெளியே ஹாக்குன் படகிலிருந்து பெட்டிகளை இறக்குகிறான்,
இறக்கிக்கொண்டே இருக்கிறான்.

செத்ததைக் கவிழ்த்தேன்.
அதன் நெட்வொர்க் அட்டையைக் கழற்றி,
சட்டை நுனியால் கரி துடைத்து,
புதியதன் விலாவில் செருகினேன்.
பன்னிரண்டு எழுத்து.
இத்தனை வருடமாய் அது அறிந்த மச்சம்
அவ்வளவுதான்.

ஐந்து ஐம்பதுக்குத் திரையில் முதல் விலை.
கண்ணாடிக்கு வெளியே ஹாக்குன்
ஈரக் கையுறையைத் தூக்கிக் காட்டினான்.

சரி செய்ததாகச் சொல்ல மாட்டேன்.
ஒன்பது மணிக்கு மறக்காமல் அழைக்க வேண்டும்,
ஒரு சாவைப் பதிவு செய்ய.