ஆறு மில்லிமீட்டர்

கரோல் பாக்கில் ஒரு கூரியர் மேஜைக்குப் பின்னால்
பதினொரு வருடமாக நான் சொல்லிவருவது
பெரும்பாலும் ஒரே சொல்.
பார்சல் எப்போது வரும்?
கல்.
அனுப்பினீர்களே, எப்போது போனது?
கல்.

முதல் மாதம் பயந்தேன்.
நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே பெயர் வைத்த ஊரில்
சம்பளத் தேதியை எப்படி நம்புவது?
பிறகுதான் பிடிபட்டது,
வாக்கியத்தின் வால்தான் நாள்காட்டி.
ஆயா என்றால் வந்துவிட்டது,
ஆயேகா என்றால் காத்திரு.
வால் வரும்வரை அந்தச் சொல்
விலாசம் ஒட்டாத பெட்டியாக
நடுத்தரையில் கிடக்கும்.

ஜனவரி. மூடுபனி. ரயிலெல்லாம் தாமதம்.
லூதியானாக் கம்பளிக்காக
மூன்றாம் முறை வந்து நின்றார் ஹர்பன்ஸ் கௌர்.
வழக்கமான சொல்லுக்கு வாயெடுத்தேன்.
இடது விலாவுக்குக் கீழே
எவனோ கடப்பாரை போட்டான்.

மேஜையைப் பிடித்தபடி சரிந்தவனிடம்
அவர் சொன்னது: கோயி கல் நஹீ.
பரவாயில்லை, ஒன்றும் இல்லை.
பஞ்சாபியில் அது பேச்சு, சேதி, சங்கதி.
முதலெழுத்தைத் தொண்டையிலிருந்து அழுத்திச் சொல்வார்,
நம் எழுத்துக்கு அந்த அழுத்தம் தெரியாது.
தமிழில் எழுதிப் பார்த்தால்
கல் ஏதும் இல்லை என்று ஆகிறது.

ஸ்கேன் அதை ஒத்துக்கொள்ளவில்லை.
ஆறு மில்லிமீட்டர்.
திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி,
அதற்கு நீளமாய் ஒரு நிழல் வேறு.
அல்மோராக்காரர் டாக்டர் பிஷ்ட்
மாத்திரை எழுதி, தண்ணீர் எழுதி,
தோளைத் தட்டிச் சொன்னார்:
கல் நிகல் ஜாயேகா.
நாளை வெளியே வந்துவிடும் என்றார் அவர்.
கல் வெளியே வந்துவிடும் என்று கேட்டேன் நான்.
இரண்டு மொழிகள் ஒரே வாக்கியத்தில்
சண்டையில்லாமல் உட்கார்ந்து
இந்த ஊரில் நான் பார்த்ததில்லை.

இரவெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.
அறைவாசி தத்தாஜி, கோலாப்பூர்,
போர்வைக்குள்ளிருந்து கேட்டான்: கள் ஆலீ கா?
சுருக்கென்று வலி வந்ததா என்று அர்த்தம்.
கள்ளா? வந்திருந்தால் தேவலை.
எதிர்க்கட்டில் கோலார்க்காரர் முனிவெங்கடப்பா மட்டும்
கல்லு என்று சொல்லிக்
கல்லைப் புரிந்துகொண்டார்.

மூன்று மணிக்கு, வேறு வழியில்லாமல்,
கைபேசியில் அகராதி பார்த்தேன்.
இந்திக்காரர்களின் கல் ‘கல்ய’விலிருந்து வந்ததாம்.
சமஸ்கிருதத்தில் அது விடியல்.
அதற்கே இன்னொரு பொருள், நோயில்லாதவன்.
படித்துவிட்டு நல்ல வார்த்தையாகத் திட்டினேன்.
நம்முடையதும் சாது இல்லை:
கல்லுதல் என்றால் தோண்டுதல்.
பள்ளிப் பிள்ளையை ஏவுவதும் கல் என்றுதான்.
தோண்டுவதும் கற்பதும் ஒரே வேரா என்று
வாதாடும் பண்டிதர்களை
ஓர் இரவு, ஒரே ஓர் இரவு,
என் சிறுநீரகத்தில் படுக்கவைக்க வேண்டும்.

டாக்டர் சொன்ன நாளை
நான்கு நாள் கழித்து வந்தது.
பீங்கானில் சின்னதாய் ஒரு சத்தம்.
மிளகில் பாதிகூட இல்லை,
இதற்கா இத்தனை மொழி!

எப்போது விழுந்தது என்றார் பிஷ்ட்.
கல், என்றேன்.
வாலைக் கேட்கவில்லை அவர்,
சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

கம்பளி இன்னும் வரவில்லை.
ஐந்தாம் முறையாக மேஜையில் கையூன்றி
ஹர்பன்ஸ் கௌர் என்னைப் பார்த்தார்.
கோயி கல் நஹீ, என்றேன்,
மனசார.
அதை நான் சொல்லவேண்டும், நீ இல்லை
என்று முறைத்தார்.