காற்றுக்குத் தண்ணீர்

இரத்தினபுரியிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தது.
கடதாசிப் பெட்டி, ஈரப் பாசி,
பாசிக்குள் சுண்டுவிரல் நீளத் தண்டு,
தண்டில் ஒரேயொரு இலை.
கரும்பச்சை வெல்வெட்.
யாரோ சோக்கட்டியால் ஆறுகளைக் கீறிவிட்டுப்
பேர் எழுத மறந்த வரைபடம்போல
வெள்ளை நரம்புகள்.

மல்லாவியில் அன்றைக்கு முப்பத்தேழு பாகை.
கச்சான் காற்று படலையை அடித்து அடித்துத் திறந்தது.
வங்கியில் அடைவுப் பகுதி எனக்கு:
பவுணை உரசு, நிறு, மில்லிகிராம் வரை எழுது.
மனேஜர் சாப்பிடப் போன நேரம்
இதையும் ஒருக்கா நிறுத்தேன்.
நாலு கிராமும் கொஞ்சமும்.
கொடுத்த காசுக்கு
ஒரு சோடித் தோடு பார்த்திருக்கலாம்.

அனுப்பிய ஜயலத் குரல்பதிவில் சொன்னார்,
தனக்குத் தெரிந்த தமிழில்:
"மண்ணுக்கு வேணாம் மிஸ்.
காத்துக்குத் தண்ணி குடுங்க."

குளமே வெடித்துக் கிடக்கிற ஆடியில்
காற்றுக்கு எந்த வாளியால் ஊற்றுவது?

நாச்சிக்குடாவிலிருந்து மீன் கொண்டுவரும் அமலதாசிடம்
ரெஜிபோம் பெட்டியொன்று கேட்டேன்.
"என்ன வைக்கப்போறியள்?"
"இலை."
"இலையைப் பழுதாகாமல் வைக்கவோ?"
ஓம், அப்படித்தான்.
ஏழு தரம் கழுவியும் பாரை மணம் போகவில்லை.
அடியில் கரி, தும்பு, உடைந்த ஓட்டுத் துண்டு,
மேலே ஒரு யன்னல் கண்ணாடி.
ஈரம் காட்டும் சின்ன மீற்றர்
உள்ளே எண்பத்தெட்டு என்றது.
வெளியே முப்பத்தொன்பது.

கிணற்று நீர் ஆகாது.
கேத்திலுக்குள் அது பூசிவிட்ட வெள்ளையைப் பார்த்தாலே தெரியும்.
ஒரு கிழமையில் இலையோரம் கருகியது.
வங்கியின் பின்சுவரிலோ ஏசி
நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்தது,
சுண்ணாம்பு அறியாத தண்ணீர்.
காவலாளி தில்லையம்பலத்தார்
குழாய் நுனியில் சோடாப் போத்தலைக் கட்டிவிட்டார்.
ஏனென்று கேட்கவில்லை.
கார் பற்றரிக்கென்று நினைத்திருப்பார்.

பாலிநகர்க்காரர் ஒருவர்,
அதே சங்கிலியை மூன்றாந்தரமாக வைக்க வந்தவர்,
கைபேசியில் படத்தைக் கண்டார்.
"உது காய்க்குமோ?"
இல்லை.
"பூக்குமோ?"
பூக்கும். ஆனால் வெட்டிவிட வேணும்,
இல்லாட்டில் இலைக்குப் பலம் காணாது.
"பூவை வெட்டி இலையை வளர்க்கிறியளோ, பிள்ளை!"
விலையைச் சொன்னேன்.
சிரிப்பார் என்று பார்த்தேன்.
தராசில் கிடந்த சங்கிலியையே பார்த்தபடி
நெல்லு கிலோ என்ன விலைக்குப் போனதென்று மட்டும் சொன்னார்.
அன்றிரவு பெட்டியைத் திறக்கவில்லை.

ஆவணியில் வங்கி மூன்று நாள் பூட்டு.
போத்தல் காய்ந்தது. சிவப்புப் பேன் பிடித்தது.
ஈரப் பஞ்சால் இலையின் அடிப்புறத்தை
நரம்பு நரம்பாகத் துடைத்தேன்,
கைவிளக்கைப் பல்லில் கவ்விக்கொண்டு.
இருந்த ஒரு இலையும் மஞ்சளாகி விழுந்தது.
தண்டு நின்றது, மொட்டையாய், வெட்கமில்லாமல்.

"தண்டு கெட்டியா மிஸ்?
கெட்டின்னா இருங்க."

இருந்தேன்.
மொட்டைத் தண்டுக்கு இரண்டு மாதம் தண்ணீர் காவுவதை
ஒருவருக்கும் விளங்கப்படுத்த ஏலாது.
திங்கட்கிழமைகளில் தில்லையம்பலத்தார்
போத்தலை நீட்டி,
"பற்றரி எப்பிடி?" என்பார்.
"இழுக்குது ஐயா" என்பேன்.

ஐப்பசி. பின்னேரம் நாலு மணி.
வவுனிக்குளப் பக்கமிருந்து
தகரம் தகரமாய்த் தட்டிக்கொண்டு வந்தது மழை.
அயலெல்லாம் கொடியில் உடுப்பெடுக்க ஓட,
நான் வாளி, சட்டி, கழுவாத சோற்றுப்பானை
எல்லாவற்றையும் முற்றத்தில் பரப்பினேன்.
பிறகு மீற்றரைப் பார்த்தேன்.
பெட்டிக்குள் தொண்ணூற்றொன்று.
வெளியே எடுத்துவைத்து, துடைத்து, திரும்பப் பார்த்தேன்.
தொண்ணூற்றொன்று.

கண்ணாடியைக் கழற்றினேன்.
கணுவில் செம்பு நிறத்தில் ஓர் ஊசி.
சுருட்டி வைத்த இலை;
மூச்சுப் பட்டாலும் ஒடியும்போலிருந்தது.
கிராமில் அடங்காது.

படலையில் மோட்டார் சைக்கிள் ஹோர்ன்.
நனைந்தபடி அமலதாஸ்:
"பிள்ளை, மழைக்கு மீன் படுகுது.
அந்தப் பெட்டி சும்மா கிடந்தால்
தாங்கோவன்."