ஒரு கலம்

எக்செல் தாளின் டி பதினேழாம் கலத்தில்
அந்த எண்ணை எழுதியது நான்தான்:
இரண்டு வருடம் மூன்று மாதம்.

"போடுற காசு எப்ப திரும்பும், பிள்ளை?"
முதலாளி பெனடிக்ற் கேட்ட கிழமை அது.
கொழும்பிலிருந்து வந்தவர்
மேலே மேலே ஏறும் கோடொன்றைச் சுவரில் காட்டிவிட்டு
இரவு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.
முப்பத்தெட்டு இலட்சம்.
நிறுவை, ஐஸ் அறை, லொறி, பற்றுச்சீட்டு
எல்லாம் ஒரே திரைக்குள் வருமாம்.

வெறும் இரண்டு வருடம் என்றால்
வாயில் வந்ததைச் சொன்னது போலிருக்கும்.
அந்த மூன்று மாதத்தைப் பார்த்துத்தான்
அவர் கையெழுத்து வைத்தார்.

நாவாந்துறையில் நண்டு நிறுக்கும் அருமைச்செல்வி
கொப்பியில் ஒருக்கா எழுதினாள்,
கை துடைத்து, ரப்லெற்றில் ஒருக்கா.
"கறன்ற் போனா உங்கட மெசினிட்டையோ
நான் கணக்குக் கேக்கிறது?"
பழக்கிவிட ஒருவரையும் அனுப்பவில்லை நாங்கள்;
அதற்கு என் தாளில் ஒரு வரி இல்லை.
கலம் வாங்கினோம்,
காற்றுக்குக் காசு ஒதுக்கவில்லை.
வருடக் கடைசியில் இரண்டு கணக்கும் இரண்டு ஊர்.
மீற்றிங்கில் என் தேத்தண்ணி மட்டும் ஆறிக் கிடந்தது.

பிறகு ஒரு வைகாசியில்
வேறெதையோ தேடப்போய்க் கண்டேன்:
நிறுத்த நேரத்துக்கும் ஐஸ் அறை ஏறிய நேரத்துக்கும் நடுவில்
நாளாந்தம் நாற்பது நிமிடம்.
வெயிலில் நண்டு சாகிற நாற்பது நிமிடம்.
போய்ப் பார்த்தால்
ஐஸ் அறைக்குத் திறப்பு ஒன்றுதான்,
அது யோகராசாவின் இடுப்பில்,
யோகராசா பத்தரைக்குச் சாப்பாட்டில்.

கஸ்தூரியார் வீதியில் இன்னொரு திறப்பு வெட்டினோம்.
நானூறு ரூபாய்.
அந்த மாதம் கழிவு பாதியானது.

இதை எந்த வரியில் எழுத?
முப்பத்தெட்டு இலட்சத்தின் கீழா,
சில்லறைச் செலவின் கீழா?
திறப்பு இல்லாமல் திரை வெறும் வெளிச்சம்;
திரை இல்லாமல் அந்தத் திறப்பை
ஒருவரும் வெட்டியிருக்க மாட்டோம்.

இப்போது மன்னார்க் கிளைக்கும் போடப்போகிறார்கள்.
"எப்ப திரும்பும், பிள்ளை?"
அருமைச்செல்விக்குக் கோல் எடுத்தேன்.
கொப்பி எழுதுறதை எப்ப விட்டனீர்?
"ஞாபகமில்லை அக்கா.
பேனை முடிஞ்சுது. பிறகு வாங்கேல்லை."

எந்தத் திரையிலும் ஏறாத திகதி அது.
அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது
டி பதினேழு, விட்டுவிட்டுத் துடித்தபடி.
நான் முதலில் மூன்று மாதத்தை எழுதுகிறேன்.
வருடத்தைப் பிறகு பார்க்கலாம்.