ஆண் ஒன்று; இடச்சிறகு இல்லை

எள்ளை நான்காய்ப் பிளக்க முடிந்தால்
அதில் ஒரு துண்டு நீ.
கூன் முதுகு. தேன் நிறக் கால்கள்.
பின்னங்கால் முட்டியில் மட்டும் கருமை,
கரி படிந்த பாத்திரத்தில் இடித்துக்கொண்டதுபோல.

எஸ்தோனியாவில் ஒரு சதுப்பு நிலத்தின் ஓரம்
ஊடோ ராக்மெட்ஸின் விறகுக் கொட்டகைக்குப் பின்னால்
கோடை முழுதும் ஒரு வலைக் கூடாரம் நின்றது.
யாரும் படுக்காத கூடாரத்துக்கு
எதற்கு இத்தனை கயிறு என்றார் ஊடோ.
முப்பத்தோரு வருடம்
சதுப்புக்கரி ஏற்றிய குட்டி ரயிலை ஓட்டியவர்.
இருந்தாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை
உச்சியில் இருந்த புட்டியைக் கழற்றி,
தேதி எழுதி, பேருந்தில் அனுப்பினார்.
சாராயத்தில் ஊறிய பூச்சிக் கூழ்.
ஓட்டுநன் மாடிஸ் அதைத் தபால் பைக்கு அடியில் ஒளித்துவைப்பான்;
ஒருமுறை யாரோ மோந்து பார்த்துவிட்டார்களாம்.

ஜனவரி. தார்த்து. நான்காம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே மைனஸ் பதினெட்டு.
ஹெல்வே டீடுஸ் கடைசிப் புட்டியின் கடைசிக் கரண்டியில்
உன்னைப் பார்த்தாள்.
வரிசையாகக் கேள்விகள் கேட்டாள்.
நெற்றி மயிர் நான்கா, இரண்டா.
சிறகின் ஓர நரம்பு பாதியைத் தாண்டுகிறதா.
முப்பத்தேழாம் கேள்விக்கு
ஆம் என்றும் சொல்லவில்லை நீ,
இல்லை என்றும் சொல்லவில்லை.
எழுந்துபோய்க் காபி போட்டாள்,
குடிக்காமல் திரும்பி வந்தாள்.

புதியவன் என்று நிரூபிக்க உன்னைப் பிரித்தாக வேண்டும்.
தலை ஒரு கண்ணாடியில், கால்கள் ஒன்றில்,
பொட்டாஷில் வெந்த வயிறு இன்னொன்றில்.
உன் குலத்தின் முகவரி
உன் குறியின் வளைவில் இருக்கிறது;
அதற்கு மட்டும் ஒன்பது வரைபடங்கள்.
கூச்சம் பார்த்தால் இந்தத் துறையில் பிழைக்க முடியாது.

சிறகை ஊசிமுனையில் எடுத்தபோது
அவள் மூச்சு விட்டாள்.
தும்மல்கூட இல்லை, வெறும் மூச்சு.
இடச்சிறகு எழுந்து போயிற்று,
உடல் இல்லாமல்,
செத்து ஆறு மாதம் கழித்து.
ஒரு மணி நேரம் மேசையில் முழங்கை ஊன்றித் தேடினாள்.
கம்பளி இழை. பொடுகு. கறுப்பு ரொட்டித் துகள்.
வெள்ளிக்கிழமை கலீனா தரை துடைத்து
வாளித் தண்ணீரைக் கீழே கொண்டுபோனாள்.

தயாரிப்பின்போது இடச்சிறகு தொலைந்தது, என்று எழுதினாள்.
தொலைத்தேன் என்று எழுத
அந்த நடையில் இடமில்லை.
மற்றதெல்லாம்
அதைவிட வெளிர், இதைவிடக் குட்டை.
வேறு ஈக்கள் இல்லாத உலகத்தில்
உன்னைச் சொல்ல அவளிடம் சொல்லே இருந்திருக்காது.

தமிழில் உனக்கு ஓரெழுத்து.
நெடில்தான், ஆனாலும் ஒன்று.
கொடு என்பதற்கும் அதே எழுத்து.
அங்கே இரண்டு சொல் வேண்டும்,
லத்தீனில், சாய்வெழுத்தில்.
நுண்ணோக்கி வாங்கிக் கொடுத்த மரக் கம்பெனியின் பெயரை
வைத்தால் என்ன என்றார் துறைத்தலைவர்.
அவள் ஊடோவுக்குத் தொலைபேசினாள்.
உங்கள் பெயரை வைக்கலாமா?

கடிக்குமா?
தெரியாது.
என்ன தின்னும்?
தெரியாது.
பெண்டாட்டி?
பார்த்ததில்லை.

கொஞ்ச நேரம்
கொட்டகைக் கதவு காற்றில் அடிக்கும் சத்தம் மட்டும்.
இத்தனை நாள் வாடகை தராமல் இருந்திருக்கிறான், என்றார்.
என் பெயர் வேண்டாம்.
அதை என் தம்பி மகனுக்கும் வைத்தார்கள்,
கடன் வாங்கியே கெடுத்துவிட்டான்.

விறகுக்கு உரியவன் என்று பொருள் வரும்படி
ஒன்றைத் தேடி வைத்தாள்.
கடைசி இரண்டு வரிகளுக்கு
அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை:
வாழ்முறை, அறியப்படவில்லை.
பெண், அறியப்படவில்லை.

மே மாதம், கொட்டகை வாசலில் சாய்வெயில்.
ஊடோ கோடாலியை ஓங்கும்போது
மூக்கருகே ஏதோ சுற்றியது,
தூசியாகவும் இருக்கலாம்.
விரட்டக் கையெடுத்தவர்
அப்படியே நின்றார் ஒரு கணம்.
பிறகு விரட்டினார்.
பிளக்க வேண்டிய விறகு நிறைய இருந்தது.