ஐந்து கறுப்பு

பகலில் பல் செய்கிறேன்.
சிம்மக்கல்லில், எலும்பு டாக்டருக்கு மேல்மாடி.
பதினாறு பல் தொங்கும் நிறச்சட்டத்தை
வருகிறவர் உதட்டோரம் வைத்து
ஏ இரண்டா ஏ மூன்றா என்று பார்க்கிற வேலை.
காலை வெளிச்சம் வேண்டும். உதட்டுச்சாயம் கூடாது.
ஐந்து நொடிக்கு மேல் உற்றுப் பார்த்தால் கண் பொய் சொல்லும்;
நீல அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்து
கண்ணைக் கழுவிக்கொண்டு வர வேண்டும்.

இரவில் நீர்மூழ்கி.
முழங்கை நீளம். ரஷ்யாவில் கட்டி நாம் வாங்கிய ரகம்.
ஞாயிற்றுக்கிழமை இரண்டு பாதியையும் ஒட்டி முடித்துவிட்டேன்.

அடிவயிற்றில் தகராறு இல்லை, அது காவி.
கோயில் மதில் காவி அல்ல,
கல்லில் விழுமுன் ஈரல் இருக்கிற நிறம்.
அப்படித்தான் சொன்னேன்,
பெயின்ட் கடை அபுதாகிர் ஒரே தடவையில் கலந்து கொடுத்தார்.
தண்ணீருக்கு மேலே தெரிகிற பாதிதான் சிக்கல்.
அட்டைப்பெட்டிப் படம் கருநீலம் என்கிறது.
உள்ளே இருந்த தாள் தார்க்கறுப்பு என்கிறது.
கிடைத்த கலர்ப்படம் ஒன்றே ஒன்று,
எழுபத்தி நாலாம் வருடத்து வாரப் பத்திரிகை:
முதுகின் மேல் வரிசையாக ஒன்பது பேர், வெள்ளை உடுப்பு.

அந்த வெள்ளை இப்போது மஞ்சள்.
பல் சட்டத்தை வைத்துப் பார்த்தேன்.
ஏ மூன்று. சுருட்டுக்காரர் கடைவாய்.
சட்டை அவ்வளவு மஞ்சளித்ததென்றால்
அவ்வளவு மஞ்சளையும் கறுப்பிலிருந்து கழிக்க வேண்டும்.
கழித்தேன்.
நீலம் மெல்ல எட்டிப் பார்த்தது.

போதாதென்று இன்னொரு கணக்கு.
உருவத்தைச் சிறிதாக்கினால்
நிறத்தையும் தூரத்தில் நிறுத்த வேண்டுமாம்.
ஒத்தக்கடையில் கறுத்து உட்கார்ந்திருக்கிற யானைமலை
மாட்டுத்தாவணி வந்தால் சாம்பல்தானே.
வெள்ளை ஒரு சொட்டு, இரண்டு சொட்டு.

ஐந்து பிளாஸ்டிக் கரண்டியில் ஐந்து கறுப்பு பூசி
காளவாசல் ஏடிஎம்முக்குக் கொண்டு போனேன்.
அங்கே காவலுக்கு இருக்கிற ஒச்சப்பன்
அந்த ரகக் கப்பலில் ஆறு வருடம் சமையல்.
என்னைவிட நாலு வயசு கூட இருக்கும்.
கரண்டிகளை வாங்கி
சோற்றில் விடப்போகிறவர் மாதிரி முகர்ந்து பார்த்தார்.

"அம்புட்டும் கறுப்புதான மேடம்."

வெளியே என்ன நிறம், ஞாபகம் இருக்கா?

"யாரு பாத்தா?
ஏறும்போது ஏணியப் பாப்போம்.
இறங்குனா ஊருக்கு ரயில் எப்பன்னு பாப்போம்."

பணம் எடுக்க ஒருவர் வந்தார். கதவு திறந்துவிட்டு
மறுபடி உட்கார்ந்தபோது தானாகவே சொன்னார்.
உள்பக்கம் பச்சை.
வெள்ளரிப் பிஞ்சை நறுக்கினால் தோலுக்கடியில் வருமே, அது.
ராத்திரி மேலே வருகிற நேரம் சிவப்பு விளக்கு மட்டும்.
ஒருநாள் வெங்காயம் அரியும்போது விரல் அறுந்துவிட்டது.
சிவப்பு வெளிச்சத்தில் ரத்தம் தண்ணி மாதிரி.
தெரியவேயில்லை.
வெங்காயத்தண்ணி என்று நினைத்துத் துடைத்துக்கொண்டே
இன்னும் ரெண்டு கிலோ அரிந்தாராம்.
"யாரும் ருசி சரியில்லன்னு சொல்லல."

பிறகு கேட்டார், ஒங்களதுல உள்ள என்ன வச்சிருக்கீங்க?
ஒன்றுமில்லை, காலி.
"காலியா இருந்தா அது எப்பிடி மேடம் முங்கும்?"

மூன்றாவது கரண்டியை எடுத்துக் கொடுத்தார்.
ஏன் என்றேன். நடுவில் இருந்தது என்றார்.

மூன்றாவதைத்தான் அடித்தேன்.
இரண்டு பூச்சு, காய இரவெல்லாம் மின்விசிறி.
கருநீலத்துக்கு ஆதாரம் கேட்டால் என்னிடம் ஒன்பது சட்டை இருக்கிறது,
கறுப்புக்கு ஒச்சப்பன்.

காற்றாடித் தண்டு செருகும் துளையை அடைக்குமுன்
பல்லுக்கு மெருகேற்றும் ஊசியில்
வெள்ளரிப் பச்சை ஒரு சொட்டு எடுத்து
உள்ளே விட்டு
மூக்குப் பக்கம் சாய்த்துப் பிடித்தேன்.
எதுவரை ஓடியதோ தெரியவில்லை.
காதில் வைத்து ஆட்டிப் பார்த்தேன்.